பெடல் ஓய்ந்ததும் எழும் ஓசை

ஜனக்புரியில் சைக்கிள் ஓட்டுபவருக்கு இறக்கம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. டெல்லியின் பாறை முகடு கிழக்கே ஒதுங்கிவிட, இந்தப் பக்கம் தரை நஜஃப்கர் கால்வாய் வரை தட்டையாகக் கிடக்கிறது. வெளிவட்டச் சாலையில் ஏதாவது மேம்பாலம் ஏறி இறங்கினால்தான் உண்டு. ஆனாலும் கால் ஓயும் இடங்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பிளாக்குக்குப் பிளாக் இரும்பு கேட், கேட்டைத் தாண்டியதும் வேகத்தடை, அதற்கப்பால் இரு பக்கமும் நிறுத்திவைத்த கார்களுக்கு நடுவே குறுகலான வழி. ஒவ்வோர் இடத்திலும் மிதிப்பது நிற்கும். நின்ற அந்தக் கணத்தில் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து ஓர் ஓசை கிளம்பும்.

விடியற்காலையில் பேப்பர் போடுபவரின் கறுப்பு சைக்கிளில் அது அடக்கமான டிக்டிக்டிக். பள்ளி விட்டு வரும் பையனின் கியர் சைக்கிளில் சற்றுக் கூர்மையான கிரகிரப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையுமாகத் துவாரகா பக்கம் கூட்டமாகப் போகிறவர்களின் கார்பன் சைக்கிள்களில், ஆள் வருவதற்கு முன்பே அவர் வருவதைச் சொல்லிவிடும் ரீங்காரம்.

இந்த ஓசையைப் பழுதின் அறிகுறி என்று நினைத்து எண்ணெய் விடச் சொல்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த சைக்கிளின் பெருமை என்று நினைத்து அதை இன்னும் கூட்டப் பார்ப்பவர்களும் உண்டு. நான் அதை ஓர் அளவீடாகவே கேட்கிறேன். சக்கரமும் பெடலும் எவ்வளவு வேக வித்தியாசத்தில் சுழல்கின்றன என்பதை அது ஓயாமல் எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் பாகங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் சொல்கிறது. இதற்காகத் தனியாக எந்தக் கருவியையும் யாரும் பொருத்தவில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பூட்டு ஒன்றைச் செய்தார்கள். அந்தப் பூட்டு வேலை செய்கிற விதத்திலேயே இந்தக் கணக்கும் சேர்ந்து வந்துவிட்டது.

அந்தப் பூட்டின் பெயர் ஃப்ரீவீல். பின்சக்கரத்தில் செயின் மாட்டியிருக்கும் பற்சக்கரம்தான் அதன் வெளி உருவம். உண்மையில் அது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். வெளி வளையத்தின் வெளிப்புறத்தில் செயினுக்கான பற்கள். நம் ஊர் கறுப்பு சைக்கிளில் பெரும்பாலும் 18. அதே வளையத்தின் உட்புறத்தில் வேறு வகைப் பற்கள்: ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் செங்குத்து. உள் வளையம் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பின் மேல் மரையிட்டு முறுக்கப்பட்டது; சக்கரம் சுற்றினால் கூடவே சுற்றும். இந்த உள் வளையத்தில் எதிரெதிராக இரண்டு குழிகள். ஒவ்வொரு குழியிலும் விரல் நகத்தைவிடச் சிறிய எஃகு நாக்கு. மெல்லிய கம்பி ஸ்பிரிங் ஒன்று நாக்கின் முனையை எப்போதும் வெளியே தள்ளியபடி இருக்கிறது. டெல்லி மெக்கானிக்குகள் இந்த நாக்கைக் ‘குத்தா’ என்பார்கள், நாய்.

நீங்கள் மிதிக்கும்போது வெளி வளையம் முன்னோக்கிச் சுற்றப் பார்க்கிறது. அதன் செங்குத்துப் பக்கம் நாக்கின் முனையில் போய் முட்டுகிறது. நாக்கு விலக வழியில்லை. உள் வளையமும் ஹப்பும் சக்கரமும் சேர்ந்து இழுபடுகின்றன. மிதிப்பதை நிறுத்தினால் வெளி வளையம் நின்றுவிடுகிறது, சக்கரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது நாக்கு பல்லின் சரிவான பக்கத்தில் ஏறுகிறது. ஏற ஏற ஸ்பிரிங் அமுங்குகிறது. சரிவின் உச்சியைத் தாண்டியதும் கீழே தாங்க எதுவும் இல்லை. ஸ்பிரிங் நாக்கை உதைத்துத் தள்ள, அடுத்த பல்லின் அடியில் அது போய் அடிக்கிறது. எஃகின் மேல் எஃகு. அதுதான் ஒரு டிக்.

இந்தச் சிறு நாக்கு தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் மேல் மரியாதை வந்துவிடும். 60 கிலோ எடையுள்ளவர் எழுந்து நின்று ஒரு பெடலில் முழு எடையையும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடலைத் தாங்கும் கையின் நீளம் 17 சென்டிமீட்டர். முன் பற்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 18. செயின் வழியாக வந்து பின்சக்கரத்தை முறுக்கும் விசை சுமார் 38 நியூட்டன் மீட்டர். நாக்குகள் மையத்திலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி நிற்பதாகக் கொண்டால், அவை இரண்டும் சேர்ந்து தாங்கவேண்டியது ஏறத்தாழ 190 கிலோ எடைக்குச் சமமான பாரம். ஆளுக்குப் பாதி. கேஸ் சிலிண்டரைக் கேரியரில் கட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறும் தொழிலாளி ஒவ்வொரு மிதிக்கும் இந்தப் பாரத்தை அந்த இரண்டு நாக்குகள் மேல்தான் போடுகிறார். ஒன்று உடைந்துவிட்டால் மொத்தமும் மற்றொன்றின் தலையில். அதுவும் வழுக்கினால் பெடல் சட்டென்று இறங்கி, ஓட்டுபவர் பாரில் விழவேண்டியதுதான்.

ஆகவே நாக்கு தவறாமல் பல்லில் விழவேண்டும். தவறாமல் விழவேண்டுமானால் ஸ்பிரிங் அதைப் போதிய பலத்தோடு தள்ளவேண்டும். பலத்தோடு தள்ளினால் விழும்போது சத்தம் வரத்தான் செய்யும். அடுத்த முறை மிதித்தால் பிடிப்பேன் என்று அந்தப் பூட்டு ஒவ்வொரு பல்லிலும் தன்னைச் சோதித்துக்கொள்ளும் சத்தம் அது.

இனி எண்ணிக்கை. கறுப்பு சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் ஓடும். ஃப்ரீவீலுக்குள் 20 பற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் சைக்கிளில் எத்தனை என்று அறிய அதைப் பிரிக்க வேண்டியதில்லை. ஸ்டாண்டு போட்டு, காற்றடிக்கும் வால்வை அடையாளமாக வைத்துக்கொண்டு, பின்சக்கரத்தை ஒரே ஒரு சுற்று மெதுவாக முன்னோக்கிச் சுற்றி டிக்குகளை எண்ணினால் பெரும்பாலும் போதும். பெடல் மட்டும் அசையாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். மணிக்கு 18 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 5 மீட்டர். சக்கரம் நொடிக்கு இரண்டேகால் சுற்றுக்குச் சற்று மேலே. 20 பற்கள் என்றால் நொடிக்குச் சுமார் 45 டிக். வேகம் பாதியானால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று. சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் பத்து, பதினொன்று.

இந்த எண்களுக்கு நடுவே நம் காது ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறது. நொடிக்கு ஏறக்குறைய 20 தட்டல்கள் வரை காது ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்கும். அதைத் தாண்டினால் தட்டல்கள் ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்த ஒலியாகத் தொடங்கும். சாதாரண சைக்கிள் ஒன்று வேகம் குறைந்து நிற்க வரும்போது சரியாக இந்த எல்லையைக் கடந்து வருகிறது. முதலில் ர்ர்ர் என்ற உறுமல். பிறகு அது உடைந்து தனித்தனி டிக்குகளாகச் சிதறும். கடைசி இரண்டு மூன்று டிக்குகளுக்கு இடையில் மூச்சுவிட நேரம் இருக்கும். சைக்கிள் ஒரே சீராகத்தான் வேகம் குறைகிறது. உறுமலாகவும் டிக்காகவும் அதைப் பிரிப்பது நம் செவி.

இன்னொரு சோதனையை ஆளில்லாத உள்தெரு ஒன்றில் செய்து பார்க்கலாம். நல்ல வேகத்தில் போய் மிதிப்பதை நிறுத்துங்கள். டிக்டிக் வரும். இப்போது பெடலை மெதுவாக, சக்கரத்துக்கு எந்த உந்துதலும் தராத அளவுக்கு மெதுவாக, முன்னோக்கிச் சுற்றுங்கள். டிக் எண்ணிக்கை குறையும். இன்னும் சற்று வேகமாகச் சுற்றினால் இன்னும் குறையும். பெடலின் வேகம் சக்கரத்தோடு சரியாக ஒத்துப்போகும் இடத்தில் ஓசை அடியோடு நிற்கும்; காலில் பாரம் தட்டுப்படுவதும் அங்கேதான். பெடலைப் பின்னோக்கிச் சுற்றினாலோ டிக்குகள் சேர்ந்தேறிக் குவியும். ஓசை சக்கரத்தின் வேகத்தை அளக்கிறது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். உண்மையில் அது அளப்பது இரண்டு வளையங்களுக்கும் இடையே உள்ள வேக வித்தியாசத்தை. கால் ஓய்ந்திருக்கும்போது வெளி வளையத்தின் வேகம் பூஜ்யம் என்பதால் அந்த வித்தியாசம் சக்கரத்தின் வேகமாகவே ஆகிவிடுகிறது, அவ்வளவுதான்.

கூர்ந்து கேட்டால் பற்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதுகூடக் கேட்கும். நாக்குகள் நேர் எதிரெதிரே இருந்து பற்கள் 20 என்றால், இரண்டு நாக்குகளும் ஒரே நேரத்தில் விழும். ஒரு சுற்றுக்கு 20 டிக், ஒவ்வொன்றும் இரட்டைப் பலத்தோடு. பற்கள் 21 என்றால் ஒரு நாக்கு விழும்போது மற்றது சரிவின் நடுவில் இருக்கும். இரண்டும் மாறிமாறி விழுந்து ஒரு சுற்றுக்கு 42 டிக், ஒவ்வொன்றும் பாதிப் பலத்தில். ஒரே ஒரு பல் கூடியதில் ஓசையின் நயமே மாறிப்போகிறது. பிடிக்கும் விதமும் மாறுகிறது: முதல் அமைப்பில் இரண்டு நாக்குகளும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், இரண்டாவதில் எப்போதும் ஒன்றுதான் சுமக்கும், ஆனால் மிதித்ததும் சீக்கிரமாகப் பிடிக்கும்.

இந்தச் ‘சீக்கிரம் பிடிப்பது’ என்பதிலிருந்துதான் ரீங்காரச் சைக்கிள்களின் கதை தொடங்குகிறது. அதற்குள் போகுமுன் கொஞ்சம் பழங்கதை.

ஆரம்பகால சைக்கிள்களில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கால் ஓய்வெடுக்க முடியாது. அமெரிக்காவில் வில்லியம் வான் ஆண்டன் 1869இலேயே ஃப்ரீவீலுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இருந்தும் அது பரவ 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை ஆனது. காரணம் எளியது. பெடலோடு பிணைந்த சக்கரத்தைக் காலாலேயே எதிர்த்து நிறுத்தலாம். ஃப்ரீவீல் வந்தால் அந்த வசதி போய்விடும், நம்பகமான பிரேக் தனியாக வேண்டும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் 1895இல் தொடங்கிய ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் நிறுவனம் 1903இல் இரண்டையும் ஒரே ஹப்புக்குள் அடைத்து டார்பிடோ என்ற பெயரில் விற்றது: மிதிக்காவிட்டால் சும்மா ஓடும், பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். ஜப்பானில் 1921இல் சகாய் நகரில் பட்டறை போட்ட ஷோசாபுரோ ஷிமானோ முதன்முதலில் செய்து விற்ற பொருளும் ஃப்ரீவீல்தான். இன்று ஜனக்புரிப் பையன்களின் கியர் சைக்கிளில் பெயர் பொறித்திருக்கும் அதே ஷிமானோ. நம் நாட்டில் அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள்ஸ், சோனிபட்டில் 1951இல் அட்லஸ், லூதியானாவில் 1956இல் ஹீரோ. லூதியானாவின் சிறு பட்டறைகள் ஃப்ரீவீலிலிருந்து ஸ்போக்ஸ் வரை உதிரிபாகங்களைச் செய்து குவிக்க, டெல்லி ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டிலிருந்து அவை ஊர் முழுக்கப் போகின்றன.

ரீங்காரத்துக்கு வருவோம். 20 பற்கள் உள்ள ஃப்ரீவீலில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே 18 பாகை. நீங்கள் மீண்டும் மிதிக்கத் தொடங்கும்போது நாக்கு பல்லில் போய் முட்டும்வரை அதிகபட்சம் அவ்வளவு வெற்றுச் சுழற்சி. பெடலில் அது சுமார் 7 பாகையாகக் குறைந்து தெரியும். பேப்பர் போடுபவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பாறைகளுக்கு நடுவே மலைப்பாதையில் ஏறும் பந்தய வீரருக்கு அந்த 7 பாகைக்குள் சைக்கிள் கவிழ்ந்துவிடலாம். அதனால் பற்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஸ்விட்சர்லாந்தின் டிடி ஸ்விஸ் தன் ஹப்புகளில் 18, 36, 54 பற்கள் கொண்ட வளையங்களை வைக்கிறது. அங்கே நாக்குகளே இல்லை. முகத்தோடு முகம் பொருந்தும் இரண்டு பல்வளையங்கள், எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் பிடிக்கும். அமெரிக்காவின் கிறிஸ் கிங் ஹப்பில் 72 பற்கள். இண்டஸ்ட்ரி நைன் நிறுவனத்தின் ஹைட்ரா ஹப்பில் 115 பற்கள் கொண்ட வளையம், ஒரே சமயத்தில் விழாதபடி கட்டம் மாற்றி வைத்த ஆறு நாக்குகள். ஆக ஒரு சுற்றுக்கு 690 பிடிமானங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே அரைப் பாகை மட்டும்.

பற்கள் கூடினால் டிக்குகளும் கூடும், டிக்குகள் கூடினால் அது ஸ்வரமாகிவிடும். பந்தய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பதை நிறுத்தினால் நொடிக்கு 4.76 சுற்று. 54 பற்கள் என்றால் நொடிக்கு 257 டிக். ஹார்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஒரு கட்டைக்கான கட்டையை அழுத்தினால் வரும் அதிர்வு 261. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். 72 பற்கள் என்றால் 343, நாலு கட்டைக்கு மிக அருகில். வேகம் பாதியாகும்போது சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கியிருக்கும், அதுவும் படிப்படியாக அல்லாமல் இடைவிடாமல் வழுக்கிக்கொண்டே. ஸ்ருதி தெரிந்த ஒருவர், பல் எண்ணிக்கையையும் தெரிந்துவைத்திருந்தால், தெருவில் போகும் சைக்கிளின் வேகத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். ஹைட்ரா ஹப்பில் ஆறு நாக்குகளும் ஒரே பலத்தில் அடித்தால், அதே வேகத்தில் நொடிக்குச் சுமார் 3,290 டிக்குகள். மனிதக் காதின் கூர்மை உச்சத்தில் இருப்பதும் சுமார் 3,000 முதல் 4,000 அதிர்வுகளுக்கு இடையில்தான். காதுத் துளையின் நீளமே அந்த அதிர்வெண்களைப் பெருக்கிக் கொடுக்கிறது.

சத்தத்தின் உரப்புக்குப் பல் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. பழைய ஃப்ரீவீலில் நாக்குகள் அடிப்பது ஒரு சிறிய, கனத்த எஃகு வளையத்தை. அது அதிகம் அதிர்வதில்லை. புதிய கேஸட் ஹப்புகளில் பல்வளையம் அலுமினிய ஹப் கூட்டுக்குள்ளேயே பொருந்தியிருக்கிறது. கூடு பெரியது, உள்ளே குடைவானது, சுவர் மெல்லியது. வீணைத் தந்தியின் அதிர்வைக் குடம் வாங்கிப் பெருக்குவதுபோல் இந்தக் கூடு டிக்கை வாங்கிப் பெருக்குகிறது. கூட்டிலிருந்து இறுக்கிக் கட்டிய ஸ்போக்ஸ் கம்பிகள் வழியாக அதிர்வு ரிம்முக்கும் போகிறது. ஆழமான கார்பன் ரிம்மாக இருந்தால் அதன் அகன்ற, மெல்லிய பக்கங்களும் சேர்ந்து ஒலிக்கும்.

இவ்வளவு சத்தம் போட்டால் ஓட்டுபவரின் உழைப்பு வீணாகாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் பயம் தெளியும். ஒரு நாக்கை ஒரு மில்லிமீட்டர் அமுக்க ஒரு நியூட்டன் விசை என்று வைத்தால், ஒரு டிக்குக்கு ஒரு மில்லிஜூல். இரண்டு நாக்கு, நொடிக்கு 45 முறை: ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நிதானமாக மிதிப்பவரின் கால்கள் தரும் திறன் 75, 100 வாட். அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் பெரும்பகுதி உலோகத்திலும் எண்ணெயிலும் வெப்பமாகக் கரைந்துவிடும், ஒலியாக வெளியேறுவது அதில் மிக மிகச் சிறிய துளி. அந்தத் துளி நமக்குக் கேட்பது காதின் பெருமை. சாதாரணமாகப் பேசும்போது நம் வாயிலிருந்து புறப்படும் ஒலியின் மொத்தத் திறனே ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான்.

ஜனக்புரி ஓசைக்குக் குறைவில்லாத இடம். தலைக்கு மேலே மெட்ரோவின் நீலத் தடம், பங்கா ரோட்டில் ஹாரன், காய்கறி வண்டிக்காரரின் கூவல். குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குள் பங்கா ரோட்டைக் கேட்கக் கொடுத்துவைக்கவேண்டும். இந்த இரைச்சலில் ஒரு சைக்கிளின் டிக் எப்படிப் பிழைக்கிறது? வாகன இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. டிக் என்பது மிகக் குறுகிய அடி. குறுகிய அடி எதுவுமே தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை பரந்த அதிர்வெண்களைக் கொண்டிருக்கும், அதன் மேல்பகுதி இரைச்சலுக்கு மேலே தலையை நீட்டிவிடும். இன்னொன்று: ஒலி வரும் திசையை அறிய இரண்டு காதுகளுக்கும் இடையே விழும் நேர வித்தியாசத்தை மூளை பயன்படுத்துகிறது, அதிகபட்சமே ஒரு மில்லி நொடியில் முக்கால் பங்குக்கும் குறைவு. தொடர்ந்த முனகலில் அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது கடினம், கூர்மையான டிக்கில் எளிது. பேட்டரி ரிக்ஷாவின் முனகல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தடுமாறும் பாதசாரி, சைக்கிளின் டிக்டிக் இடது தோளுக்குப் பின்னால் வருகிறது என்பதைத் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்து ஒதுங்கிக்கொள்வார். மணி அடிக்காமலே கிடைக்கும் மரியாதையான அறிவிப்பு இது. நடைபாதை என்று ஒன்று பெயருக்கு மட்டும் இருக்கும் தெருக்களில் இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மரத்தடியில் பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் இதே ஓசையை வேறு விதமாகக் கேட்கிறார். சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு சுற்று விடுவார். டிக்குகள் ஒரே சீராக இருந்தால் சரி. ஒரு பலத்த டிக், ஒரு மெல்லிய டிக் என்று நொண்டினால் ஒரு நாக்கு தேய்ந்திருக்கிறது அல்லது அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சத்தம் வறண்டு உரத்துக் கேட்டால் உள்ளே எண்ணெய் இல்லை. சத்தமே இல்லை என்றால்தான் அவர் முகம் சுருங்கும்.

பிரிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். ஃப்ரீவீலின் முகத்தில் இரண்டு துளைகள் உள்ள ஒரு மூடி இருக்கும். அதன் மரை இடது மரை. வழக்கமான மூடிகளுக்கு எதிராக, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். துளையில் பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி இளக்குவார். மூடி வந்ததும் கீழே துணி விரித்திருக்கவேண்டும், இல்லையென்றால் கடுகு கடுகாகச் சிதறும் குண்டுகளைத் தெருவில் தேடவேண்டியிருக்கும்; அவை ஒவ்வொன்றும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மேலும் கீழுமாக இரண்டு வரிசை. வெளி வளையத்தை உருவினால் கறுத்துப்போன எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே அந்த இரண்டு நாக்குகளும் தெரியும். மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் அலசித் துடைப்பார். விரல் நுனியால் ஒவ்வொரு நாக்கையும் அமுக்கி விடுவார். துள்ளி எழுந்தால் தேறியது.

நாக்கு துள்ளாமல் போவதற்கு டெல்லியின் பருவங்கள் நன்றாகவே உதவுகின்றன. மே, ஜூனில் 45 பாகை செல்சியஸைத் தொடும் வெயில், மெல்லிய எண்ணெயை இன்னும் நீர்க்கவைத்து வழிந்தோடச் செய்கிறது. மேற்கிலிருந்து வரும் புழுதி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஜூலையில் தேங்கிய மழைநீர். ஜனவரி விடியலில் வெப்பம் நாலைந்து பாகைக்கு இறங்கும்போது, புழுதியும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் களிம்பு இறுகி நாக்கைக் குழிக்குள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கின் பலம் ஒரு நியூட்டன் அளவுதான். இறுகிய களிம்பை அதனால் வெல்ல முடியாது. நாக்கு எழாவிட்டால் டிக்கும் இல்லை, பிடிமானமும் இல்லை. காலையில் பெடல் வெறுமனே சுற்றுகிறது, வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது என்று யாராவது சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஓசையை அடக்குவதற்காகக் கெட்டியான கிரீஸை ஃப்ரீவீலுக்குள் அடைக்கச் சொல்பவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இந்தக் காரணத்தால்தான். சத்தம் குறையும், உண்மை. நாக்கு மெதுவாக விழுவதால்தான் குறைகிறது. மெதுவாக விழும் நாக்கு பல்லின் ஆழம்வரை போவதற்குள் நீங்கள் மிதித்துவிட்டால், அது பல்லின் நுனியை மட்டும் கவ்வும். அந்த நுனிமேல் ஒரு குவிண்டால் பாரம் ஏறினால் பல்லும் மழுங்கும், நாக்கும் மழுங்கும். மெஷின் எண்ணெய் நாலைந்து சொட்டு, அதையும் அவ்வப்போது விட்டால் போதும்.

சத்தமே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பூட்டும் இருக்கிறது. நாக்குகளுக்குப் பதில் சிறு உருளைகள். ஒவ்வொன்றும் ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் இடுக்கில் கிடக்கும். ஒரு திசையில் சுற்றினால் உருளை அகலமான பக்கத்துக்கு நகர்ந்து சும்மா உருளும். எதிர்த்திசையில் குறுகலான பக்கத்தில் போய் ஆப்பாக இறுகிக்கொள்ளும். ஏறி விழுவதற்குப் பல் இல்லாததால் டிக் இல்லை. அமெரிக்காவின் ஆனிக்ஸ் நிறுவனம் உருளைக்குப் பதில் எட்டு வடிவத் துண்டுகளை வைத்து இப்படி ஹப்புகள் செய்கிறது. எடை சற்று அதிகம், விலை நிறையவே அதிகம். ஷிமானோ 2018இல் தன் உயர்ந்த ரக மலைச்சைக்கிளுக்கு ஓசையில்லாத ஹப் ஒன்றை அறிவித்துவிட்டு, பிறகு கடைக்குக் கொண்டுவராமலே கைவிட்டது.

பந்தயச் சைக்கிள்களில் அரிதாக இருக்கும் இந்த உருளைப் பூட்டு ஜனக்புரித் தெருக்களுக்கு வேறு வழியாக வந்துகொண்டிருக்கிறது, மின்சார சைக்கிளின் பின்ஹப்புக்குள். உள்ளே பல்சக்கரங்களோடு கூடிய சிறு மோட்டார் உள்ள ஹப்புகளில், மோட்டாரை நிறுத்தினாலும் சக்கரம் தடையில்லாமல் ஓடவேண்டும் என்பதற்காக உருளைகள் கொண்ட ஒரு பூட்டை வைக்கிறார்கள். மிதிப்பதற்கான வழக்கமான ஃப்ரீவீல் வெளியே தனியாக டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். மோட்டாரின் பூட்டிலிருந்து எந்தத் தகவலும் வராது. உருளையோ இடுக்கோ தேய்ந்தால் மோட்டார் உறுமும், சக்கரம் நகராது. அதுவரை காதுக்கு எச்சரிக்கை கிடையாது. அதனால் மெக்கானிக் கையால் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். பின்சக்கரம் அசையாதபடி தடுத்துக்கொண்டு ஒரே ஒரு கணம் திராட்டிலைத் திருப்புகிறார். மோட்டார் முனகி நின்றால் பூட்டு பிடிக்கிறது. உள்ளே தடையின்றிச் சுழன்றால், ஹப்பைக் கழற்றவேண்டியதுதான்.